கிட்டப்பார்வைச் சொட்டு மருந்து: கூடுதல் வீரியம் எப்போதும் நல்லதா?

சிங்கப்பூரில் தொடக்கநிலை 6 பயிலும் பிள்ளைகளில் ஏறத்தாழ 65 விழுக்காட்டினருக்குக் கிட்டப்பார்வை உள்ளது. லிட்டில் இந்தியாவின் மூக்குக்கண்ணாடிக் கடைகளில் பிள்ளையின் ‘பவர்’ ஆண்டுதோறும் ஏறுவதைப் பார்க்கும் பெற்றோர் பலர், ‘அட்ரோபின்’ சொட்டு மருந்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பர். எந்த அளவு நல்லது?

இதற்கு விடை தேடிய முக்கிய ஆய்வு இங்குதான் நடந்தது. சிங்கப்பூர் தேசியக் கண் நிலைய மருத்துவர்கள், 6 முதல் 12 வயதுவரையிலான 400 பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து 0.5%, 0.1%, 0.01% மருந்தைக் கொடுத்தனர். முடிவுகள் 2012ல் வெளிவந்தன.

ஈராண்டில் 0.5% பிரிவில் பவர் சராசரியாக 0.30 கூடியது; 0.01% பிரிவில் 0.49. இந்த இரண்டையும் ஒப்பிட்டபோது கிடைத்த ‘பி’ மதிப்பு 0.02. அதாவது, இரு அளவுகளும் உண்மையில் சமமாக வேலை செய்தால், இவ்வளவு வேறுபாடு தற்செயலாகத் தோன்றும் வாய்ப்பு நூற்றில் இரண்டுதான்.

ஆனால் அந்த வேறுபாடு வெறும் 0.19. மூக்குக்கண்ணாடி பவரின் மிகச் சிறிய படியே 0.25. வேறுபாடு உண்மையானது என்று புள்ளியியல் சொல்லலாம். அது பெரியதா என்பது தனிக் கேள்வி. அதோடு, வீரியம் கூடினால் கண்மணி விரிந்து வெளிச்சம் கூசும். அருகில் உள்ளதைப் படிப்பதும் சிரமமாகும்.

மருந்தை நிறுத்தி ஓராண்டு கவனித்தபோது நிலைமை தலைகீழானது. மூன்றாண்டு முடிவில் 0.5% பிரிவில் பவர் 1.15 கூடியிருந்தது, 0.01% பிரிவில் 0.72தான்.

இந்த முடிவு எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்துமா? ஆய்வில் பங்கேற்றோரில் மிகப் பெரும்பாலோர் சீனர்கள். மருந்தில்லாத சொட்டு பெற்ற பிரிவும் அதில் இல்லை. அத்தகைய பிரிவுடன் இந்தியாவில் நடந்த சிறிய ஆய்வில், 0.01% பெற்றவர்களுக்கு ஓராண்டில் 0.16தான் கூடியது, மற்றவர்களுக்கு 0.35. ஆனால் அமெரிக்காவில் 187 பிள்ளைகளிடம் நடந்து 2023ல் வெளியான ஆய்வில் 0.01% மருந்தால் பயன் தெரியவில்லை. ஹாங்காங் ஆய்வில் 0.05% கூடுதல் பலன் தந்தது.

சிங்கப்பூரில் வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு இவற்றில் எதுவும் அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆகவே, தெரிந்தவர் பிள்ளைக்குக் கொடுத்த அளவைக் கேட்பதைவிட, சொந்தப் பிள்ளையின் பவர் எவ்வளவு வேகமாக ஏறுகிறது, மருந்தை எப்போது, எப்படி நிறுத்துவது என்று கண் மருத்துவரிடம் கேட்பதே பயன் தரும்.