உருளையின் கணக்கும் வீதியின் கணக்கும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். மோட்டார் வாகன எஞ்சினைச் சீராக்கியபின் கராஜில் தரப்படும் அச்சுத்தாளுக்கும் இது ஓரளவு பொருந்தும்.

டைனோ எனப்படும் வலுமானியில், வாகனத்தின் சில்லுகள் உருளைகளின் மீது சுழல்கின்றன. உருளைகளில் சில்லுகள் செலுத்தும் முறுக்குவிசையிலிருந்து குதிரைவலு கணிக்கப்படுகின்றது. உற்பத்தியாளர் கூறும் வலு எஞ்சினிலேயே அளக்கப்பட்டது. கியர்ப்பெட்டியும் அச்சும் டயரும் தின்றது போக எஞ்சியதே சில்லில் தெரியும். எனவே எண் குறைந்ததென்று கலங்க வேண்டியதில்லை.

வீதியின் கணக்கு வேறு. உருளைமீது முழுவேக ஓட்டம் சில விநாடிகளே; அதுவும் பெரும்பாலும் ஒரே கியரில். கடுகண்ணாவ ஏற்றத்திலோ பாரத்தோடு பல நிமிடங்கள் இழுக்க வேண்டும். தீப்பொறி விழும் நேரத்தை அளவுமீறி முன்தள்ளிப் பெற்ற மேலதிக வலு, அந்த வெப்பத்தில் எஞ்சினுக்குள் தட்டொலியாக மாறிப் பிஸ்டனையே சேதப்படுத்தலாம்.

இன்னும் மேலே, மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி நடைபெறும் நுவரெலியா ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. வளியமுக்கம் அங்கே கொழும்பை விட ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைவு. ஒட்சிசன் குறைய, டர்போ இல்லாத எஞ்சினின் வலுவும் குறையும். டைனோவோ அமுக்கத்தையும் வெப்பத்தையும் நியம நிலைக்குத் திருத்தியே எண்ணைத் தருவது வழக்கம். தாளில் திருத்தம் உண்டு, மலையில் இல்லை.

இந்த இடைவெளி வஞ்சகத்துக்கும் இடமளித்தது. வொக்ஸ்வாகன் டீசல் கார்கள் ஆய்வுகூட உருளைகளில் புகைச் சோதனையில் சித்தியடைந்தன. மேற்கு வேர்ஜீனியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கலிபோர்னிய வீதிகளில் அளந்தபோது, நைதரசன் ஒட்சைட்டுகள் வரம்பை வெகுவாக மீறியிருந்தன. சோதனையை இனங்கண்டு நடிக்கும் மென்பொருள் காருக்குள் இருந்தமை 2015 செப்டெம்பரில் அம்பலமாயிற்று. உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடி 10 இலட்சம் வாகனங்களில் அது இருந்தது. 2017 முதல் ஐரோப்பா புதிய வகைக் கார்களை வீதியிலும் சோதிக்கின்றது. நம் நாட்டில் வருடாந்தப் புகைச் சோதனை, வாகனத்தை நிறுத்தி வைத்தே நடைபெறுகின்றது என்பதையும் எண்ணிப் பார்க்கலாம்.

அப்படியாயின் டைனோ வீணா? இல்லை. அதே உருளையில், ஒத்த நிலைமையில், சீராக்கு முன்னும் பின்னும் அளந்தால் மாற்றம் தெளிவாகும். வேறொரு கராஜின் தாளோடு அதனை ஒப்பிடுவதில்தான் பயனில்லை. அதன்பின் வாகனத்தை ஏற்றத்தில் ஓட்டி, வெப்பமானியைப் பார்த்து, தட்டொலி கேட்கிறதா எனச் செவிமடுத்து, எரிபொருட் செலவையும் கணக்கிட வேண்டும். உருளை ஒப்பிடுவதற்கு, தீர்ப்பு வீதியினுடையது.