பிடுங்கி நடப்பட்ட கன்று

“பாதர், முந்தி எங்கட படலைக்கு வந்த ஒருத்தனும் வெறுங்கையோட திரும்பிப் போனதில்லை. இப்ப நாங்கள்தான் கையேந்திற சனமாப் போனம்.”

ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்தபின் முல்லைத்தீவுப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் என்னிடம் சொன்ன வார்த்தைகள் இவை. ஒரு காலத்தில் வயலும் தோட்டமும் செய்து, ஆட்களுக்கு வேலை கொடுத்து வாழ்ந்தவர். எத்தனை முறை இடம்பெயர்ந்தார் என்ற கணக்கு அவருக்கே மறந்துவிட்டது. இன்று உறவினர் காணியில் கொட்டில் போட்டிருக்கிறார். அவருடைய துயரம் பசியைப் பற்றியதல்ல. கொடுத்துப் பழகிய கை வாங்கும் கையாய் மாறிவிட்டதே என்பதே அவருடைய நோ.

குருமடத்தில் மெய்யியலும் இறையியலும் கற்ற எனக்கு அவருக்கு உடனே மறுமொழி சொல்ல வாய் வரவில்லை. வீடு திரும்பும் வழியில், இந்த மண்ணுக்குக் கையேந்தியே வந்து சேர்ந்த ஒரு மனிதர் என் நினைவுக்கு வந்தார். அவரைப் பற்றியே இங்கு உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். அவர்தான் புனித யோசப்வாஸ் அடிகளார்.

நாற்றுமேடை

அடிகளார் 1651ஆம் ஆண்டு சித்திரை மாதம் 21ஆம் திகதி கோவாவிலுள்ள பெனாலிம் என்னும் ஊரில் பிறந்தார். தாய்மொழி கொங்கணி. போர்த்துக்கேயமும் இலத்தீனும் கற்றார். கோவா அன்று போர்த்துக்கேயரின் ஆட்சியில் இருந்தது. அங்கேயே குருத்துவக் கல்வி பெற்று 1676இல் குருவானார். மறுவருடம், 1677இல், தம்மைத் தேவதாயாருக்கு அடிமையாக எழுதிக்கொடுத்து ஒரு சாசனம் வரைந்தார். 1681 முதல் கன்னட தேசத்துக் கரையோரப் பணித்தளத்தில் சில ஆண்டுகள் பொறுப்பாயிருந்து உழைத்தார். ஐரோப்பியத் துறவற சபைகள் இந்தியக் குருக்களைப் பெரும்பாலும் சேர்த்துக்கொள்ளாத காலம் அது. ஆகவே கோவா நாட்டுக் குருக்கள் சிலர் சேர்ந்து, புனித பிலிப்பு நேரியாரின் வழியைப் பின்பற்றி, 1685இல் தமக்கென ஒரு சபையை அமைத்தனர். அடிகளார் அதில் இணைந்து அதன் தலைவருமானார்.

கல்வி, செபம், பணி அனுபவம், பதவி எல்லாம் அவரிடம் இருந்தன. மறைபரப்புக்கு வேண்டிய பயிற்சி இத்துடன் முடிந்தது என்று நாம் நினைப்போம். ஆனால் மிளகாய்ச் செய்கை தெரிந்த உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. நாற்றுமேடையில் நிழலும் நீரும் பெற்று வளர்ந்த கன்றைப் பிடுங்கித் தோட்டத்தில் நட்டால் முதல் நாட்களில் அது வாடித் தலைசாயும். வேர் புதுமண்ணைப் பிடித்த பின்னர்தான் நிமிரும். கோவா அடிகளாரின் நாற்றுமேடை மட்டுமே. அவர் உண்மையில் உருவானது நம் நாட்டு மண்ணில்.

கஞ்சி வாங்கிய கை

1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களை நாட்டைவிட்டு அகற்றினர். குருக்களுக்கு அடைக்கலம் கொடுப்பது மரண தண்டனைக்குரிய குற்றம் என்று கட்டளை பிறப்பித்தனர். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இங்குள்ள கத்தோலிக்க மக்கள் குருக்கள் இன்றியே வாழ்ந்தனர். இச்செய்தி கோவாவில் அடிகளாரின் மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. 1686இல் தலைமைப் பொறுப்பை விட்டுப் புறப்பட்டார். யோவான் என்ற பணியாளன் ஒருவன் உடன் வந்தான். தூத்துக்குடிக்கு வந்து, குருவுக்குரிய அங்கியைக் களைந்து, கூலியாள் உடையில் தோணியேறி, 1687இல் இலங்கையை அடைந்தார்.

அவருக்கு முன் வந்த மறைபரப்பாளர் பலருக்குப் பின்னால் ஓர் அரசும் அதன் படையும் இருந்தன. அடிகளாருக்குப் பின்னால் எதுவும் இல்லை. யாழ்ப்பாணம் வந்தவுடன் கடுமையான வயிற்றுளைவு நோயில் விழுந்தார். வந்த காரியம் ஒன்றுமே தொடங்கவில்லை. பாயில் கிடக்கும் அந்நியன். பேர் ஊர் சொல்ல முடியாத நோயாளி. இரக்கமுள்ள பெண் ஒருத்தி கொண்டுவந்து கொடுத்த கஞ்சியே அவர் உயிரைக் காத்தது என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுவர்.

சற்று நின்று இதைச் சிந்தித்துப் பாருங்கள். தேவதிரவிய அனுமானங்களைக் கொடுக்க வந்தவர் முதலில் செய்த காரியம் ஒரு சிரட்டைக் கஞ்சியை வாங்கியதுதான். அந்தப் பெண்ணின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. ஆனால் அவள் இல்லையேல் இலங்கைக்கு அந்தப் புனிதர் இல்லை.

குணமானபின் கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். செபமாலையைக் கண்டு எந்த முகம் மாறுகிறது, எந்தக் கண் கலங்குகிறது என்று பார்த்துக் கத்தோலிக்கரை அடையாளம் கண்டார். ஓட்டைக் கையில் ஏந்தியவரின் படிப்பும் பட்டமும் அந்தப் படலைகளில் செல்லாது. குரு என்ற மதிப்பு இல்லாமல், வெறும் மனிதனாக மற்றவர் இரக்கத்தில் தங்கி நிற்கக் கற்றுக்கொண்டார். இதுவே அவர் பெற்ற முதற் பயிற்சி.

மக்களே ஆசிரியர்

பின்னர் அவர் வலிகாமத்திலுள்ள சில்லாலை என்ற கிராமத்தை இருப்பிடமாகக் கொண்டு இரவில் இரகசியமாகப் பணி செய்தார். அவருக்குத் தமிழ் பேசக் கற்றுக்கொடுத்தவர்கள் இம்மக்களே. ஒளித்து வைத்தவர்களும் வழிகாட்டியவர்களும் அவர்களே. 1689 நத்தார் இரவில் யாழ்ப்பாணத்தில் கூடியிருந்த கத்தோலிக்கரை ஒல்லாந்தப் படையினர் சுற்றிவளைத்துப் பலரைப் பிடித்துச் சென்றனர். அடிகளார் தப்பினார். அவருக்காக அடிபட்டதும் சிறை சென்றதும் சாதாரணக் குடிமக்கள்.

இங்கு நாம் மறக்கக்கூடாத வேறொரு செய்தியும் உண்டு. அடிகளார் வருவதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்னரே, 1670ஆம் ஆண்டளவில், மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் ஒல்லாந்தருக்கு அஞ்சித் தங்கள் தேவதாயின் சுரூபத்தையும் தூக்கிக்கொண்டு வன்னிக் காட்டுக்குள் இடம்பெயர்ந்தன. யாழ்ப்பாணத்திலிருந்தும் சுமார் எழுநூறு பேர் காட்டுக்குள் வந்தனர். இவ்விரு கூட்டமும் சந்தித்த இடமே மருதமடு. அங்கு அவர்களுக்குக் குருவும் இல்லை, குருமடமும் இல்லை. பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக்கொடுத்தவர்கள் தாய்மாரும் மூப்பர்களுமே. இன்று எல்லாச் சமயத்தவரும் வந்து வணங்கும் மடுத் திருப்பதிக்கு அத்திவாரம் இட்டவர்கள் இடம்பெயர்ந்த மக்கள். விசுவாசத்தை அடிகளார் கொண்டுவரவில்லை. இங்கே காத்துவைக்கப்பட்டிருந்த நெருப்பை அவர் ஊதி எழுப்பினார்.

சிறையும் அம்மை நோயும்

நத்தார் இரவுச் சம்பவத்தின்பின் அவர் கண்டி இராச்சியத்துக்கு உட்பட்டிருந்த புத்தளத்திற்குச் சென்றார். 1692இல் கண்டிக்குப் போனபோது போர்த்துக்கேயரின் ஒற்றன் என்ற சந்தேகத்தில் சிறைவைக்கப்பட்டார். சும்மா இருந்து தன் விதியை நொந்துகொள்ள அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. அவரோ அந்த நாட்களில் சிங்களம் கற்றார். காலப்போக்கில் அரசன் இரண்டாம் விமலதர்மசூரியன் அவருடைய நேர்மையை அறிந்து பணிசெய்யச் சுதந்திரம் அளித்தான். கிறிஸ்தவரான ஒல்லாந்தர் துரத்திய குருவுக்குப் பௌத்த அரசன் நிழல் கொடுத்தான். மனிதரைச் சமயப் பெயரைக் கொண்டு நிறுத்துப் பார்க்கும் பழக்கத்தை இந்நிகழ்வு வெட்கப்படுத்துகிறது அன்றோ?

1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. அரசன் நகரை விட்டகன்றான். நோயாளரைச் சொந்தக் குடும்பத்தினரே காட்டில் கொண்டுபோய் விட்டனர். அடிகளாரும் அவருடைய உறவினரான இளங்குரு யோசப் கார்வாலோவும் கைவிடப்பட்டவர்களைத் தேடிச்சென்று உணவூட்டினர், புண்களைக் கழுவினர், இறந்தோரைப் புதைத்தனர். கத்தோலிக்கரா பௌத்தரா என்று கேட்கவில்லை. நோயில் கைவிடப்பட்டுக் கிடப்பதன் கசப்பை யாழ்ப்பாணத்தில் தம் உடம்பிலேயே அறிந்தவர் அவர். அன்று கஞ்சி வாங்கிய கை இன்று கஞ்சி ஊட்டியது.

இருபத்துநான்கு ஆண்டுகள் இந்நாட்டிலேயே உழைத்தார். பிறந்த ஊருக்குத் திரும்பவேயில்லை. 1711ஆம் ஆண்டு தை மாதம் 16ஆம் திகதி கண்டியில் இறைவனடி சேர்ந்தார். 1995 தை 21இல் பாப்பரசர் 2ஆம் அருளப்பர் சின்னப்பர் கொழும்பில் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். அதே வருடம் ஐப்பசி மாத இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. அடிகளாரை ஒளித்துக் காத்த மண்ணின் பிள்ளைகளும் மூட்டை முடிச்சுகளோடு தெருவில் நின்றார்கள். அவர்களுள் பலர் வன்னிக்கு வந்து உங்களுடைய வளவுகளில் தங்கியதும் உங்களுக்கு நினைவிருக்கும். 2015 தை 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் அடிகளாரைப் புனிதராக உயர்த்தி, அன்றே மடுவுக்கும் வந்து நம் மக்களோடு செபித்தார்.

ஒரு வேற்றுமை

இவ்வளவும் சொல்லி, “ஆகவே உங்கள் இடம்பெயர்வும் கடவுள் தந்த பயிற்சி, பொறுத்துக்கொள்ளுங்கள்” என்று முடித்தால் நான் உங்களுக்கு அநியாயம் செய்தவனாவேன். அடிகளார் தாமே தெரிந்து புறப்பட்டார். நீங்கள் துரத்தப்பட்டீர்கள். கமக்காரன் கன்றைப் பிடுங்கி நடுவதும், காட்டுயானை பிடுங்கி எறிவதும் ஒன்றல்ல. காணியை இழப்பது கடவுளின் சித்தம் அல்ல. காணியைத் திருப்பிக் கேட்பது பொறுமையின்மையும் அல்ல; அது உங்கள் உரிமை. காணாமற் போனவர்களைத் தேடும் தாய்க்குச் சகிப்புத்தன்மையைப் போதிக்க எந்தக் குருவுக்கும் தகுதியில்லை.

ஆயினும் எறியப்பட்ட கன்றும் ஈரங்கண்டால் வேர்விடும் என்பதையும் நீங்களே எனக்குக் காட்டியிருக்கிறீர்கள். கடைசி ஒரு சுண்டு அரிசியையும் பக்கத்துத் தறப்பாளுக்குள் இருந்தவர்களோடு பகிர்ந்துகொண்டவர்களை நான் அறிவேன். தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளைத் தம் பிள்ளைகளோடு சேர்த்து வளர்க்கும் குடும்பங்களை அறிவேன். மீளக் குடியேறிய முதல் காலபோகத்தில், தாம் வாங்கிய விதைநெல்லில் பாதியை அயலாருக்குக் கொடுத்தவர்களையும் அறிவேன். குருமடத்தில் நான் படித்த அன்பைப் பற்றிய பாடத்தின் செய்முறையை இங்கேதான் கண்டேன்.

மடு அன்னையின் சுரூபமும் நம்மோடு இடம்பெயர்ந்தது. 1670இல் மாந்தையை விட்டது போலவே, 2008 சித்திரையில் சண்டை நெருங்கியபோது குருக்கள் அதைத் தேவன்பிட்டிக்கு எடுத்துச் சென்றனர். அதே ஆண்டு ஆவணியில் அன்னை மடுவுக்குத் திரும்பினார். தூக்கிச் செல்லப்படுவதால் அன்னையின் மதிப்புக் குறையவில்லை. உங்களுடைய மதிப்பும் குறையாது.

அடுத்த முறை அந்தப் பெரியவரைச் சந்தித்தபோது அடிகளாரின் கதையைச் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். பின், “அப்ப பாதர், அந்தக் கஞ்சி குடுத்த மனிசியும் இல்லாதவளாய்த்தான் இருந்திருப்பாள், என்ன?” என்றார். ஆம் என்றேன். புறப்படும்போது கொட்டிலின் பின்னால் போய் இரண்டு கத்தரிக்காயும் ஒரு பிடி பச்சை மிளகாயும் பறித்துவந்து என் கையில் வைத்தார். மறுக்காமல் வாங்கிக்கொண்டேன்.

கிராமக் குழுக்களில் கலந்துரையாட:

1. இடம்பெயர்ந்த காலத்தில் நமக்குக் கைகொடுத்த, பெயர் தெரியாத மனிதர் யார்? அவரை நம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோமா?

2. நிவாரணம் வாங்கும் நிலையிலும் மற்றவருக்கு நாம் கொடுக்கக்கூடியது எது: உழைப்பா, விதையா, அறிவா, நேரமா?

3. அடிகளார் சிறையில் புதிய மொழி கற்றார். காத்திருக்கும் இக்காலத்தில் நாமும் நம் இளைஞரும் கற்கக்கூடியது என்ன?