எடை குறைப்பு அறுவைச் சிகிச்சை: யாருக்கு எந்த முறை?

எடை குறைப்பு அறுவைச் சிகிச்சை குறித்து ஆலோசனை பெற வருவோர் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எந்த முறையில் எடை அதிகமாகக் குறையும், டாக்டர்?" என்பதே. இயல்பான கேள்விதான். ஆயினும் அதன் விடையை மட்டும் கொண்டு முறையைத் தேர்ந்தெடுக்க இயலாது. உடல் பருமனுடன் வேறு எந்த நோய்கள் சேர்ந்திருக்கின்றன என்பதே பல வேளைகளில் முடிவைத் தீர்மானிக்கிறது.

யாருக்குப் பரிசீலிக்கப்படுகிறது?

எடையைக் கிலோகிராமிலும் உயரத்தை மீட்டரிலும் அளந்து, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது உடல் நிறைக் குறியீட்டெண். ஆசிய மக்களுக்குக் குறைந்த பருமனிலேயே சர்க்கரை நோய் தோன்றுவதால், 2022ஆம் ஆண்டின் பன்னாட்டு வழிகாட்டுதல்கள் அவர்களுக்கு 27.5 என்ற அளவிலிருந்தே இச்சிகிச்சையைப் பரிசீலிக்கலாம் என்கின்றன. அந்த எண்ணைத் தொட்டவர் அனைவருக்கும் அறுவை தேவை என்பது இதன் பொருளன்று. உணவு மாற்றம், உடற்பயிற்சி, மருந்து ஆகியவற்றால் போதிய பலன் கிட்டாதவர்களுக்கே இது உரியது.

இரு முக்கிய முறைகள்

ஸ்லீவ் முறையில் இரைப்பையின் ஏறக்குறைய முக்கால் பங்கு வெட்டி நீக்கப்படுகிறது. எஞ்சுவது வாழைப்பழம் போன்ற ஒடுங்கிய குழாய். குடலில் மாற்றம் எதுவும் செய்யப்படுவதில்லை. பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் ஹார்மோனும் குறைகிறது. நீக்கிய பகுதியை மீண்டும் பொருத்த இயலாது.

பைபாஸ் என்றதும் பலர் இதய அறுவையை நினைத்து அஞ்சுகின்றனர். இதற்கும் இதயத்திற்கும் தொடர்பில்லை. இரைப்பையின் மேல்முனையில் சிறு பை ஒன்றை அமைத்து, அதைச் சிறுகுடலுடன் நேரடியாக இணைப்பதே இம்முறை. உண்ட உணவு மீதி இரைப்பையையும் சிறுகுடலின் தொடக்கப் பகுதியையும் தொடாமல் கடந்து செல்கிறது.

இரண்டும் சிறு துளைகள் வழியாகச் செய்யப்படும் லேப்ராஸ்கோப்பி அறுவைகளே.

நெஞ்செரிச்சலை மறைக்காதீர்கள்

பின்லாந்தில் 240 நோயாளிகளைக் கொண்டு இவ்விரு முறைகளையும் ஒப்பிட்ட ஆய்வின் பத்தாண்டு முடிவுகள் 2022இல் வெளிவந்தன. மிகை எடையில் சராசரியாக ஸ்லீவ் முறையில் ஏறத்தாழ 44 விழுக்காடும், பைபாஸில் 52 விழுக்காடும் குறைந்திருந்தன. உணவுக்குழாய் அழற்சியோ ஸ்லீவ் செய்தவர்களில் 31 விழுக்காட்டினருக்கும், பைபாஸ் செய்தவர்களில் 7 விழுக்காட்டினருக்கும் காணப்பட்டது. எடையில் உள்ள வேறுபாட்டைவிட இவ்வேறுபாடு மிகப் பெரியது.

ஆகவே எதுக்களிப்பு, இரவில் புளித்த நீர் தொண்டைக்கு ஏறுதல் ஆகியவை இருப்பின் மருத்துவரிடம் கூறுங்கள். இவற்றை வெறும் 'கேஸ்' என்று எண்ணி, மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிச் சமாளிப்போர் பலர். கடுமையான எதுக்களிப்பு உள்ளவருக்குப் பொதுவாகப் பைபாஸே ஏற்றது. எண்டோஸ்கோப்பிப் பரிசோதனை இதைத் தெளிவுபடுத்தும்.

சர்க்கரை நோயும் வலி மாத்திரையும்

இரு முறைகளும் சர்க்கரையைக் கட்டுப்படுத்துகின்றன. பைபாஸுக்குச் சற்று மேலான பலன் உண்டு. ஆனால் நோய் பல ஆண்டுகளாக இருந்து, இன்சுலின் தேவைப்படும் நிலையில், எந்த முறையிலும் முழு விடுதலையை எதிர்பார்த்தல் சரியன்று. மருந்தின் அளவு குறைவதும் நற்பலனே.

மூட்டுவாதத்திற்காக நாள்தோறும் வலி மாத்திரை உட்கொள்பவருக்கு நிலைமை வேறு. பைபாஸுக்குப் பின் இரைப்பையும் குடலும் இணையும் இடத்தில் அம்மாத்திரைகள் புண்ணை உண்டாக்கக்கூடும், புகைப்பழக்கமும் அவ்வாறே. அத்தகையோருக்கு ஸ்லீவ் பொருத்தமாக இருக்கலாம். முன்பு நடந்த அறுவையால் குடல் ஒட்டிக்கொண்டிருப்பவருக்கும் இது பொருந்தும்.

ஆயுள் முழுவதும் தொடரும் கடமை

எந்த முறையாயினும் இரும்பு, கால்சியம், உயிர்ச்சத்து பி12, டி ஆகியவற்றை வாழ்நாள் முழுவதும் மாத்திரையாகவோ ஊசியாகவோ எடுத்துக்கொள்ள வேண்டும். இக்குறைபாடுகள் பைபாஸில் கூடுதலாக ஏற்படும். சைவ உணவினரும், மாதவிடாய் மிகுதியால் இரத்தசோகை உள்ள பெண்களும் இதை ஆழ்ந்து எண்ண வேண்டும். கருத்தரிப்பதை அறுவைக்குப் பின் 12 முதல் 18 மாதங்கள் தள்ளிப்போட வேண்டும். மாத்திரைக்கும் ஆண்டுதோறும் செய்யும் இரத்தப் பரிசோதனைக்கும் ஆகும் செலவைக் குடும்பத்தினர் முன்கூட்டியே கணக்கிடுவது நன்று. அறுவையின் செலவு ஒருமுறை, இது தொடர்வது.

ஆலோசனைக்கு வரும்போது, நீங்கள் உட்கொள்ளும் எல்லா மாத்திரைகளையும், கடையில் நீங்களாக வாங்கியவை உட்பட, உடன் கொண்டு வாருங்கள். முந்தைய அறுவைகளின் அறிக்கைகளையும் எடுத்து வாருங்கள். பக்கத்து வீட்டாருக்கு நல்ல பலன் தந்த முறை உங்களுக்கும் ஏற்றதா என்பதை அவையே சொல்லும்.