பல்லும் தெரியவேண்டுமோ?

நகரம் அமைத்தல் அரசர்க்கும் நகரசபையார்க்கும் உரிய காரியம் என்றிருந்த காலம் கழிந்தது. இன்று பள்ளிக்கூடப் பிள்ளையும் கணினியின் முன் அமர்ந்து வீதி வகுக்கின்றான். நீரும் மின்சாரமும் கொணர்கின்றான். இலட்சம் பேரைக் குடியேற்றுகின்றான். 1989இல் வெளிவந்த ‘சிம்சிற்றி’ இவ்விளையாட்டு வகைக்கு வழிகாட்டிற்று. 2015இல் பின்லாந்து நாட்டுக் கொலோசல் ஓர்டர் நிறுவனத்தார் ஆக்கிய ‘சிற்றீஸ்: ஸ்கைலைன்ஸ்’, விளையாடுவோர் தாமே கட்டடங்களை ஆக்கி நகரிற் சேர்க்கவும் பிறர்க்கு வழங்கவும் இடமளித்தது.

எமது மருமகன் அவ்வாறு ஒரு தொடர்மாடிக் கட்டடம் செய்தான். விடுமுறை முழுவதும் அதிலேயே கழிந்தது. யன்னற் சட்டம், கொளுக்கி, கதவுகளின் கைப்பிடி யாவும் செதுக்கப்பட்டிருந்தன. தனியே நின்றபோது கட்டடம் கண்ணைக் கவர்ந்தது. அதுபோல் நூறு கட்டடங்களை அருகருகே நிறுத்தியதும் நகரமே தத்தித் தத்தி அசைந்தது. “மாமா, கணினி பழையது, புதிது வாங்கவேண்டும்” என்றான். ஆசிரியர் சம்பளத்தில் அஃது எளிதோ? குற்றம் கணினியினதா, கட்டடத்தினதா என்று இருவரும் கணக்குப் பார்க்கத் தொடங்கினோம்.

கணினி எந்த உருவையும் சிறு சிறு முக்கோணிகளாகவே வரைகின்றது. காட்சி தடையின்றி ஓட விநாடிக்கு 60 தடவை வரைதல் நன்று. 30 தடவையேனும் வேண்டும். மருமகன் செதுக்கிய ஒரு யன்னலில் 200 முக்கோணிகள். யன்னல்கள் 300. ஆகவே யன்னல்களுக்கு மட்டும் 60,000. நூறு கட்டடங்களுக்கு 60 இலட்சம்! கண்ணில் அகப்படும்போதெல்லாம் இவற்றை மீண்டும் மீண்டும் வரையவேண்டுமெனின் கணினி களைத்துப்போகாதோ? யன்னல்களைத் தட்டையான சுவரில் ஓவியமாகத் தீட்டினால் அச்சுவருக்கு 2 முக்கோணிகளே போதும்.

ஓவியத்துக்கும் விலை உண்டு. பக்கத்துக்கு 1,024 புள்ளிகள் கொண்ட சதுர ஓவியம், புள்ளிக்கு 4 பைற் வீதம், 4 மெகாபைற் இடங்கொள்ளும். பக்கத்தை இரட்டித்தால் அது 16 மெகாபைற்றாகும்.

அப்படியாயின் எதைச் செதுக்குவது, எதைத் தீட்டுவது? கூரை, பல்கனி, படிக்கட்டு முதலியன கட்டடத்தின் புறக்கோட்டையே மாற்றுவன. அவற்றைச் செதுக்கவேண்டும். சுவரோடு ஒட்டியிருப்பவற்றைத் தீட்டினாற் போதும். மேடுபள்ளத்தைக் குறிக்கும் தனி ஓவியம் ஒன்றையும் சேர்த்தால், தட்டைச் சுவரிலும் ஒளி செதுக்கியது போலவே விழும்.

இதனினும் முக்கியமானது தூரத்து உரு. இவ்விளையாட்டை ஆடுவோன் பெரும்பாலும் பருந்துபோல் உயரத்திலிருந்தே நகரைப் பார்க்கின்றான். அப்போது முழுக் கட்டடத்துக்குப் பதிலாக மிக எளிய ஓர் உருவையே வரைவர். கட்டடஞ் செய்தவர் அதனைக் கொடாவிடின் விளையாட்டே ஒன்றை உண்டாக்கிக்கொள்ளும். அது பெரும்பாலும் சிதைந்த சித்திரமாகவே முடியும். மருமகன் அதனைக் கொடுத்திருக்கவில்லை.

பெரியோரும் இதிற் சறுக்கியதுண்டு. 2023 ஒக்ரோபரில் ‘சிற்றீஸ்: ஸ்கைலைன்ஸ் 2’ வெளிவந்தபோது விலையுயர்ந்த கணினிகளிலும் தடுமாறிற்று. ஆராய்ந்தவர்கள் கண்டது யாது? வீதியில் எறும்பளவாய் நடமாடும் மனிதரின் வாய்க்குள் பற்கள்கூடச் செதுக்கப்பட்டிருந்தன! அம்மனிதர்க்குத் தூரத்து உரு இல்லை என்பதை ஆக்கியோரே ஒப்புக்கொண்டனர். தடுமாற்றத்துக்கு அஃதொன்றே காரணமன்று. ஆயினும் அதிலே நமக்குப் பாடம் உண்டு.

இதனைக் கேட்டு மருமகன் சிரித்தான். ஆனால் தன் கைப்பிடிகளை அழிக்கச் சொன்னபோது முகம் வாடிற்று. “நான் பட்ட பாடு ஒருவருக்கும் தெரியாமற் போகுமே” என்றான். அவ்வருத்தம் நியாயமானதே. “தம்பி, உன் கட்டடத்தை எடுத்துக்கொள்ளும் பிள்ளையின் கணினி இதனினும் பழையதாயிருக்கலாம். அவனுடைய நகரம் ஓடாது நின்றுவிட்டால் உன் கைப்பிடியை யார் பார்ப்பது?” என்றோம்.

மூன்று நாளில் யன்னல்களைத் தீட்டித் தூரத்து உருவும் செய்துமுடித்தான். பழைய கணினியிலேயே இப்போது நூறு கட்டடங்களும் நிற்க, வீதியில் பஸ்கள் தடையின்றி ஓடுகின்றன. வாயிற் கதவின் கைப்பிடி ஒன்றை மட்டும் அவன் அழிக்கவில்லை. நாமும் வற்புறுத்தவில்லை.