தென்னை நார்க்கழிவு: இலங்கை விற்கிறது, நெதர்லாந்து வாங்குகிறது

கன்னிவாடி, ரெட்டியார்சத்திரம், ஆத்தூர் வட்டாரங்களில் தென்னை வைத்திருக்கும் விவசாயிகளுக்கு, நார் மில்லின் பின்புறம் குவிந்து கிடக்கும் பழுப்புத் தூள் புதிதல்ல. வேளாண் துறையினர் இதைத் தென்னை நார்க்கழிவு என்பர். இலங்கைத் தமிழர் தும்புத்தூள் என்பர். ஏற்றுமதியாளருக்கு இது கோகோபீட். ஒரு கிலோ நார் எடுத்தால் ஏறத்தாழ இரண்டு கிலோ தூள் மிஞ்சும். நம் பகுதியில் பலரும் குப்பையாக எண்ணும் இப்பொருளுக்கு நெதர்லாந்தில் நல்ல கிராக்கி இருக்கிறது. இந்தியாவுக்கு முன்பே அந்தச் சந்தையில் கால் ஊன்றிய நாடு இலங்கை.

நெதர்லாந்தின் பரப்பு தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆயினும் வேளாண் பொருள் ஏற்றுமதியில் உலகின் முன்வரிசையில் நிற்கும் நாடு அது. அங்கே தக்காளி, குடைமிளகாய், ரோஜா முதலியவை கண்ணாடிக் கூடங்களில் வளர்கின்றன. அவற்றில் பெரும்பகுதி மண்ணில் நடப்படுவதில்லை. ஒரே மண்ணில் திரும்பத் திரும்பப் பயிரிட்டால் வேர் நோய்கள் பெருகும் என்பதால், மண்ணுக்குப் பதில் வேறு ஊடகம் தேவைப்பட்டது. முதலில் சதுப்பு நிலத்தில் பாசி மக்கி உண்டான கரிமண்ணையும், பாறையை உருக்கி இழைத்த கல்பஞ்சையும் பயன்படுத்தினர். கரிமண்ணைத் தோண்டினால், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பூமியில் தங்கிய கரி காற்றில் கலக்கிறது. கல்பஞ்சோ பயிர் முடிந்தபின் மக்காது. 1980களின் இறுதியில் இலங்கையின் தும்புத்தூள் அங்கே போய்ச் சேர்ந்தது. தன் எடையைப் போல் சுமார் எட்டு மடங்கு நீரைப் பிடித்துக்கொண்டு, வேருக்குக் காற்றோட்டமும் தரும் பொருள் இது.

குருநாகல், புத்தளம், சிலாபம் ஆகிய தென்னைப் பகுதிகளில் நார் ஆலைகளின் அருகே பல ஆண்டுகளாக மலைபோல் கிடந்த தூளுக்கு இவ்வாறு விலை கிடைத்தது. இந்த இரு நாடுகளுக்கும் வாணிபம் புதிதல்ல. 1658 முதல் 1796 வரை இலங்கைக் கரையோரத்தை ஆண்ட டச்சுக் கம்பெனி, கறுவாப்பட்டையைத் தன் ஏகபோகமாக வைத்திருந்தது. இன்று இலங்கையிலிருந்து ஆயத்த ஆடை, இரப்பர்ப் பொருள், தென்னைப் பொருள் ஆகியவை செல்கின்றன. அங்கிருந்து இயந்திரங்களும், காய்கறி விதையும், நுவரெலியா விவசாயிகளுக்கு வேண்டிய விதை உருளைக்கிழங்கும் வருகின்றன. இடத்தை அடைக்கும் தூள் போகிறது. ஆராய்ச்சியை உள்ளடக்கிய விதை வருகிறது. இதில் எவருக்கு இலாபம் மிகுதி என்பதை விவசாயிகளுக்கு விளக்க வேண்டியதில்லை.

வாணிபக் கணக்கைப் படிப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ராட்டர்டாம் துறைமுகம் ஐரோப்பாவின் பெரிய வாசல். அங்கே இறங்கும் சரக்கில் ஒரு பகுதி ஜெர்மனிக்கும் பிற நாடுகளுக்கும் போய்விடும். ஆயினும் கணக்கில் நெதர்லாந்தின் பெயரே ஏறும். வரிச் சலுகை பற்றியும் ஒரு வார்த்தை. ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் இலங்கைக்குக் கொடுத்த சிறப்புச் சலுகையை 2010இல் நிறுத்தி, 2017இல் மீண்டும் வழங்கியது. இதனால் ஆடைத் தொழிலுக்கு உண்டான இலாப நட்டம் பெரிது. நார்த்தூளைப் பொறுத்தவரை விற்பனையைத் தீர்மானிப்பது தரமே.

தரம் என்றால் முதலில் உப்பு. தேங்காய் மட்டையில் பொட்டாசியம், சோடியம், குளோரைடு ஆகியவை இயற்கையிலேயே உள்ளன. கழுவாத தூளில் நட்ட நாற்றின் இலை நுனி கருகும். எனவே நல்ல நீரில் கழுவி, மின்கடத்தும் திறனை 0.5க்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்று வாங்குவோர் கேட்கின்றனர். சிலர் கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்து, தூளோடு ஒட்டிய சோடியத்தையும் வெளியேற்றச் சொல்வர். பிறகு உலர்த்தி, சலித்து, ஐந்தில் ஒரு பங்காக அழுத்தி, 5 கிலோ கட்டியாக்குகின்றனர். நெதர்லாந்தின் ஆர்.எச்.பி. தர முத்திரை பெற்ற சரக்குக்கு மதிப்பு அதிகம்.

இந்தியாவும் பின்தங்கவில்லை. 2020-21இல் நம் கயிறுப் பொருள் ஏற்றுமதி சுமார் 3,779 கோடி ரூபாய். அதில் ஏறத்தாழப் பாதி நார்த்தூளே. திண்டுக்கல் பக்கத்துச் சரக்குக்குத் தூத்துக்குடி அருகில் இருக்கிறது. ஆனால் கழுவிய நீர் எங்கே போகும்? உப்பும் துவர்ப்புச் சாறும் கலந்த அந்தப் பழுப்பு நீரைத் தரையில் விட்டால், மலையடிவாரக் கிணறுகள் கெடும். மழையில் நனையவிட்டுக் கழுவுவதும் இதே தீங்கைத்தான் செய்யும். சிமெண்டுத் தளமும் வடிகால் தொட்டியும் இல்லாத இடத்தில் கழுவும் வேலையைத் தொடங்காதிருப்பதே நல்லது. கோடையில் குடிநீருக்கே அலையும் ஊரில், கழுவிய தூளை விற்று நீரையும் சேர்த்து விற்பது கட்டுப்படியாகாது.

மட்டையை ஆயிரக் கணக்கில் விற்கும் விவசாயி இன்னொரு கணக்கும் போட வேண்டும். மட்டையோடு தோப்பின் சாம்பல் சத்து வெளியேறுகிறது. காய்க்கும் தென்னை ஒன்றுக்கு ஆண்டுக்கு 2 கிலோ மியூரேட் ஆப் பொட்டாஷ் இடவேண்டும் என்பது பரிந்துரை. ஏக்கருக்கு 70 மரம் என்றால் 140 கிலோ. இந்த உரம் நமக்கு இறக்குமதியில்தான் வருகிறது. 2021இல் இலங்கை இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்து, அவ்வாண்டு நவம்பரிலேயே பின்வாங்க நேர்ந்ததையும் நினைவில் கொள்ளலாம். மட்டை முழுவதையும் விற்காமல், மரத்தைச் சுற்றி 1.8 மீட்டர் ஆரத்தில் 100 மட்டைகளைக் குழிவான பக்கம் கீழாக அடுக்கினால் ஈரமும் காக்கும், சத்தும் திரும்பும். நார்த்தூளை 10 செ.மீ. உயரம் பரப்பினாலும் ஈரம் காக்கும்.

தூளை மக்கவைத்து உரமாக்க விரும்புவோர், ஒரு டன்னுக்கு 5 கிலோ யூரியாவும் 5 பாட்டில் சிப்பிக் காளான் வித்தும் வாங்கிக்கொள்ள வேண்டும். நிழலில் 5 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலத்தில் 100 கிலோ தூளைப் பரப்பி, ஒரு பாட்டில் வித்தைத் தூவவும். மேலே 100 கிலோ தூள். அதன் மேல் 1 கிலோ யூரியா. இப்படி மாறிமாறி ஒரு மீட்டர் உயரம் வரை அடுக்கி, ஈரம் காயாமல் நீர் தெளித்து வந்தால், 60 நாளில் தூள் கறுத்து மக்கும். கரி-தழைச்சத்து விகிதம் 112:1இலிருந்து 24:1 ஆகக் குறையும். மக்காத தூளை நேரே வயலில் கொட்டினால் பயிருக்குரிய தழைச்சத்தை நுண்ணுயிர்கள் இழுத்துக்கொள்ளும், பயிர் மஞ்சளிக்கும்.