பந்தெறிஞரின் வெற்றி விழுக்காடு

ஓர் அணி ஈட்டிய வெற்றியைப் பந்தெறிந்த ஒருவர் பெயரில் எழுதுவது முறையா? முறை என்றே பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கர் கொண்டனர். பேஸ்பால் எனும் அடிபந்தாட்டத்தில் அணியின் வெற்றியும் தோல்வியும் பந்தெறிஞர் கணக்கில் ஏறும். அவருடைய வெற்றிகளை, வெற்றி தோல்விகளின் கூட்டுத்தொகையால் வகுத்து நூறால் பெருக்கினால் வருவது வெற்றி விழுக்காடு.

1875இல் பாஸ்டனின் ஆல்பர்ட் சுபால்டிங் 54 ஆட்டங்களில் வென்று 5இல் தோற்றார், விழுக்காடு 91.5. 1884இல் பிராவிடன்சு அணியின் சார்லசு ராட்போர்ன் 59 வென்று 12 தோற்றார், விழுக்காடு 83.1. சுபால்டிங்கே மேலானவர் எனத் தோன்றும். ஆனால் கழித்துப் பார்த்தல் வேண்டும். பாஸ்டன் அவ்வாண்டு மொத்தம் 71 வென்று 8 தோற்றது. சுபால்டிங் பங்கை நீக்கினால் எஞ்சுவன 17 வெற்றி, 3 தோல்வி. அவர் கணக்கில் ஏறாத ஆட்டங்களிலும் அவ்வணி நூற்றுக்கு 85 வென்றிருக்கிறது! பிராவிடன்சு 84 வென்று 28 தோற்றது. ராட்போர்னை நீக்கினால் 25 வெற்றி, 16 தோல்வி, 61 விழுக்காடே. மற்றொரு பந்தெறிஞரான சார்லி சுவீனி சூலையில் விலகியபின் அணியின் சுமையை ஏறத்தாழத் தனியொருவராகவே ராட்போர்ன் தாங்கினார்.

சுபால்டிங் கணக்கில் சேராத அந்த இருபது ஆட்டம் சிறு தொகைதான். 85க்கு மேல் ஏற இடமும் குறைவு. எனவே தோல்விக்கு எத்தனை வெற்றி என்று அளப்பதே நேர்மை. பிறர் ஒரு தோல்விக்கு ஒன்றரை வெற்றி கண்ட அணியில் ராட்போர்ன் ஏறக்குறைய ஐந்து கண்டார், மும்மடங்கு. சுபால்டிங்கின் ஏற்றம் இருமடங்கையும் எட்டவில்லை. என் தீர்ப்பு ராட்போர்ன் பக்கமே.

கிரிக்கெட் எனும் மட்டைப்பந்தாட்டம், அணியின் வெற்றியையும் வீச்சாளரின் பங்கையும் தனித்தனியே எழுதும் வகையில் நுட்பமானது. 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் நடந்த முதல் ரஞ்சிக் கோப்பை ஆட்டத்தில் மைசூர் 48, 59 ஓட்டங்களுக்குச் சுருண்டது. 130 மட்டுமே எடுத்த சென்னை ஒரே நாளில் இன்னிங்சு வெற்றி பெற்றது. சென்னையின் ஏ. ஜி. ராம்சிங் 35 ஓட்டங்களுக்கு 11 விக்கெட் வீழ்த்தினார். எஞ்சிய 9 விக்கெட்டுக்கு, உதிரிகளும் சேர, 72 ஓட்டங்கள். வெற்றி அணிக்குரியது, அதில் ராம்சிங்கின் பங்கோ தனியே நிற்கிறது.

காட்பாடி, ஆம்பூர்ப் பள்ளித் திடல்களில் பயிற்றுவிக்கும் ஆசிரியர்களே, தோற்ற அணியில் நன்றாக வீசிய சிறுவனைத் தோல்வியைக் காட்டி ஒதுக்காதீர்கள். அவன் வீசிய பந்துகள், கொடுத்த ஓட்டங்கள், வீழ்த்திய விக்கெட்டுகள் மூன்றையும் ஏட்டில் எழுதிவைத்துத் தேர்வு செய்யுங்கள்.