பழைய வேகமா, புதிய வேகமா?

ஒரே பெயர், இரண்டு கார்கள், 25 ஆண்டு இடைவெளி: சாலைக்கு ஏற்றது எது? இயற்பியல் சொல்லும் பதில்

காரின் முகப்பில் சிவப்புப் பின்னணியில் ஹோண்டா சின்னம் இருந்தால் கார்ப் பிரியர்கள் ஒரு கணம் நின்று பார்ப்பார்கள். அது சாதாரண சிவிக் அல்ல, ‘சிவிக் டைப் ஆர்’ என்பதற்கான அடையாளம். 1997இல் ஜப்பானில் வெளிவந்த முதல் சிவிக் டைப் ஆரை இகே9 என்ற குறியீட்டால் அழைப்பார்கள். இன்றைய காரின் குறியீடு எஃப்எல்5. இது 2022இல் ஜப்பானிலும், 2023இல் மலேசியாவிலும் விற்பனைக்கு வந்தது.

இரண்டிலும் நான்கு சிலிண்டர் எஞ்சின், முன்சக்கர இயக்கம், கையால் மாற்றும் கியர். அடிப்படை ஒன்றாக இருப்பதால், கால் நூற்றாண்டில் எது மாறியது என்பதை இவற்றை வைத்துத் தெளிவாகப் பார்க்கலாம்.

பந்தயத் தடத்தில் எது முந்தும் என்பதில் விவாதமே இல்லை, புதியதுதான். நம் கேள்வி வேறு. சமிக்ஞை விளக்கு, வேகத்தடை, மாலை நேர அடைமழை, நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கிலோமீட்டர் வரம்பு ஆகியவை உள்ள சாலையில் ஓட்டுவதற்கு எது நல்லது? இன்னும் சில ஆண்டுகளில் ஓட்டுநர் உரிமம் எடுக்கப்போகும் மாணவர்களுக்கு இது வெறும் பொழுதுபோக்குக் கேள்வி அல்ல.

எண்களில் இரு கார்கள்

இகே9: எஞ்சின் கொள்ளளவு 1.6 லிட்டர். உச்சத் திறன் 185 குதிரைத்திறன், அதுவும் நிமிடத்திற்கு 8,200 சுழற்சியில். உச்ச முறுக்குவிசை 160 நியூட்டன் மீட்டர், 7,500 சுழற்சியில். எடை ஏறக்குறைய 1,070 கிலோ. டயரின் அகலம் 195 மில்லிமீட்டர்.

எஃப்எல்5: எஞ்சின் 2.0 லிட்டர், டர்போ பொருத்தியது. மலேசியாவில் விற்கப்படும் காரின் உச்சத் திறன் 319 குதிரைத்திறன், 6,500 சுழற்சியில். உச்ச முறுக்குவிசை 420 நியூட்டன் மீட்டர், 2,600 முதல் 4,000 சுழற்சி வரை. எடை ஏறக்குறைய 1,430 கிலோ. டயரின் அகலம் 265 மில்லிமீட்டர்.

பலரும் குதிரைத்திறனை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். சாலையில் ஓட்டுபவர் கவனிக்க வேண்டியது அதன் பக்கத்தில் இருக்கும் எண்ணை: அந்தத் திறன் எத்தனை சுழற்சியில் கிடைக்கிறது?

திறன் எங்கே ஒளிந்திருக்கிறது?

டார்க் எனப்படும் முறுக்குவிசை, எஞ்சின் தண்டைத் திருகும் விசையின் அளவு. அதைச் சுழலும் வேகத்தால் பெருக்கினால் திறன் கிடைக்கும். முறுக்குவிசையை நிமிடச் சுழற்சியால் பெருக்கி 9,550ஆல் வகுத்தால் விடை கிலோவாட்டில் வரும்.

இகே9இன் சிறிய எஞ்சினுக்கு முறுக்குவிசை குறைவு. எனவே பொறியாளர்கள் அதை அதிவேகமாகச் சுழலவிட்டுத் திறனை எடுத்தார்கள். வேகமாகச் சுழலும்போது காற்றை உள்ளே இழுக்கக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. வால்வுகள் அகலமாகவும் அதிக நேரமும் திறந்தால்தான் போதிய காற்று நுழையும். ஆனால் அப்படியே எப்போதும் திறந்தால், மெதுவாக ஓடும்போது எஞ்சின் திணறும். ஹோண்டாவின் விடெக் தொழில்நுட்பம் இதற்கு ஒரு வழி கண்டது. வால்வுகளை இயக்கும் கேம் தண்டில் தாழ்ந்த மேடு, உயர்ந்த மேடு என இருவகை மேடுகள் உண்டு. 6,000 சுழற்சியை நெருங்கும்போது எண்ணெய் அழுத்தம் ஒரு சிறிய ஊசியைத் தள்ளி, வால்வுகளை உயர்ந்த மேட்டோடு இணைத்துவிடும். எஞ்சினின் குரலே மாறும். கார்ப் பிரியர்கள் மயங்குவது இந்த நொடிக்காகத்தான்.

எஃப்எல்5இல் உள்ள டர்போ வேறு வழியில் வேலை செய்கிறது. வெளியேறும் புகை ஒரு சிறு விசையாழியைச் சுழற்றுகிறது; அதனோடு இணைந்த இன்னொரு சக்கரம் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்கிறது. அதிகக் காற்று என்றால் அதிக ஆக்சிஜன். அதற்கேற்ப அதிக எரிபொருளை எரிக்கலாம். அதனால் குறைந்த சுழற்சியிலேயே முழு முறுக்குவிசை கிடைத்துவிடுகிறது.

இப்போது கணக்கைப் போடுவோம். நகரச் சாலையில் எஞ்சின் 2,600 சுழற்சியில் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். எஃப்எல்5 அப்போதே 114 கிலோவாட் தர முடியும். இகே9 தன் உச்ச முறுக்குவிசையை அங்கேயே தருவதாகத் தாராளமாக எடுத்துக்கொண்டாலும் 44 கிலோவாட்டைத் தாண்டாது; உண்மையில் அதைவிடக் குறைவு. எடை குறைந்த கார் ஆயிற்றே என்று கேட்கலாம். ஒவ்வொரு கிலோவுக்கும் வகுத்துப் பார்த்தால் புதியதற்கு 80 வாட், பழையதற்கு அதிகபட்சம் 41 வாட்.

சரி, இகே9ஐ 8,200 சுழற்சிக்கு ஏற்றினால் என்ன? அதன் கியர் விகிதங்களையும் டயர் அளவையும் வைத்துக் கணக்கிட்டால், இரண்டாம் கியரிலேயே கார் மணிக்கு ஏறக்குறைய 100 கிலோமீட்டரைத் தொட்டிருக்கும். மூன்றாம் கியரில் உச்சத் திறனைத் தேடினால் சட்ட வரம்பைத் தாண்டிவிடுவோம். ஆக, பழைய காரின் சிறப்பைச் சாலையில் ஓரிரு கியர்களில்தான் சுவைக்க முடியும். புதிய காரின் கதையோ வேறு. அதன் முழுத் திறனையும் சில நொடிகளுக்கு மேல் சட்டப்படி பயன்படுத்தவே முடியாது. அது நின்ற நிலையிலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட 5.4 விநாடி போதும்.

எடை குறைந்தால் சீக்கிரம் நிற்குமா?

‘பழைய கார் இலேசானது, அதனால் சீக்கிரம் நிற்கும்’ என்று சொல்பவர்கள் உண்டு. இது பாதி உண்மை.

காரை நிறுத்துவது டயருக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வு. எடை கூடினால் நிறுத்த வேண்டிய இயக்க ஆற்றல் கூடும். அதே அளவில் உராய்வு விசையும் கூடும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுவதால், நிற்கும் தூரத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வேகமும் டயரின் பிடிமானமும்தான். மணிக்கு 110 கிலோமீட்டர் என்பது விநாடிக்கு 30.6 மீட்டர். ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒரு விநாடி ஆனாலே 31 மீட்டர் போய்விடும். அதன் பிறகு, நல்ல டயரும் உலர்ந்த சாலையும் இருந்தால் இன்னும் 60 மீட்டர் அளவு. ஈரச் சாலையில் பிடிமானம் குறைந்தால் அது 95 மீட்டர் வரை நீளலாம்.

எடையின் விளைவு வெப்பத்தில் தெரியும். 70 கிலோ எடையுள்ள ஓட்டுநரோடு 110இல் செல்லும் இகே9இன் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 530 கிலோஜூல். எஃப்எல்5க்கு 700 கிலோஜூல். நிற்கும்போது இதில் பெரும்பகுதி பிரேக் தட்டுகளில் வெப்பமாக மாறும். அதனால்தான் புதிய காரின் முன்சக்கரத் தட்டு 350 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. பழையதில் 282 மில்லிமீட்டர்.

மழைக்கு ஓர் எச்சரிக்கை. அகலமான டயர் உலர்ந்த சாலையில் நன்றாகப் பிடிக்கும். ஆனால் நீர் தேங்கிய சாலையில் அது ஒதுக்கித்தள்ள வேண்டிய நீர் அதிகம். டயரின் பள்ளங்கள் தேய்ந்திருந்தால், அது நீரின் மேல் மிதந்து பிடிமானத்தை இழக்கும் ஆபத்தும் அதிகம். நம் நாட்டு மழைக்கு விலையுயர்ந்த காரைவிடத் தேயாத டயர் முக்கியம். பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்பது சட்டம்.

பிடிமானம் தவறி கார் சறுக்கத் தொடங்கினால் இன்னொரு வேறுபாடு வெளிப்படும். புதிய காரில் உள்ள உணரிகள், ஸ்டீயரிங் திரும்பிய திசையையும் கார் உண்மையில் போகும் திசையையும் இடைவிடாமல் ஒப்பிடுகின்றன. இரண்டும் மாறுபட்டால், தேவையான ஒரு சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்து காரை நேராக்குகின்றன. இகே9இல் இந்த நிலைத்தன்மைக் கட்டுப்பாடு இல்லை. அங்கே ஓட்டுநரின் கைகள் மட்டுமே.

மோதல் நேர்ந்தால்?

வேகமாகச் செல்லும் உடலை நிறுத்தும் தூரம் குறையக் குறைய, அதன் மீது விழும் விசை கூடும். மணிக்கு 64 கிலோமீட்டரில் மோதும் காரில், பயணியின் உடல் அரை மீட்டரில் நின்றால் அது தாங்க வேண்டிய சராசரி எதிர்முடுக்கம் புவியீர்ப்பைப் போல் 32 மடங்கு. அதையே 70 சென்டிமீட்டராக நீட்டித்தால் 23 மடங்காகக் குறையும். காரின் முன்பகுதி திட்டமிட்டபடி நசுங்குவதும், இருக்கைவாரும் காற்றுப்பையும் உடலை மெல்லத் தாங்குவதும் இந்தச் சில சென்டிமீட்டர்களைப் பெறுவதற்காகவே. அதே நேரத்தில், பயணிகள் அமரும் கூடு நசுங்காமல் நிற்க வேண்டும்.

2017இல் ஆஸ்திரேலியாவின் ஏஎன்சிஏபி அமைப்பு ஒரு சோதனை செய்தது. 1998ஆம் ஆண்டின் டொயோட்டா கொரோலாவையும், 2015ஆம் ஆண்டின் கொரோலாவையும் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டது. புதிய கார் 16க்கு 12.93 புள்ளி பெற்றது. பழையது பெற்றது 0.40. அதன் பயணிக் கூடு சிதைந்தது. ஓட்டுநர் இருக்கையில் இருந்த பொம்மையின் அளவீடுகள் தலை, நெஞ்சு, கால்களில் கடும் காய ஆபத்தைக் காட்டின. இகே9 அந்தச் சோதனையில் பங்கேற்கவில்லை. ஆனால் அது அந்தப் பழைய கொரோலாவின் காலத்துக் கார். எடை குறைவாக இருப்பதுதான் அதன் பெருமை. எதிரே பெரிய வாகனம் வந்தால் அதே இலேசான எடை அதற்கு எதிராகத் திரும்பும்.

வயது செய்யும் வேலை

எண்கள் எல்லாம் கார் தொழிற்சாலையை விட்டு வந்த நாளுக்குரியவை. ரப்பர் வெப்பத்திலும் வெயிலிலும் கெட்டிப்பட்டு வெடிக்கும். பிரேக் குழாய், சஸ்பென்ஷன் புஷ், கதவோர ரப்பர் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். அதனால் அதன் கொதிநிலை இறங்கும். இகே9இன் கேம் தண்டை ஓட்டுவது ஒரு ரப்பர் பட்டை. உரிய காலத்தில் மாற்றாமல் அது அறுந்தால், பிஸ்டன் வால்வுகளில் மோதி எஞ்சினே பாழாகலாம். எஃப்எல்5இல் அந்த இடத்தில் உலோகச் சங்கிலி இருக்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஜப்பானுக்கு வெளியே இகே9 அதிகாரபூர்வமாக விற்கப்படவில்லை. ஜப்பானிலிருந்து வரும் ‘ஹாஃப்-கட்’ உதிரிகளைப் பொருத்தி டைப் ஆர் தோற்றத்துக்கு மாற்றிய சாதாரண சிவிக்குகள் இங்கே ஏராளம். எனவே பழைய காரை வாங்குபவர் சின்னத்தைப் பார்ப்பதை விட்டு, சட்ட எண்ணையும் பராமரிப்புப் பதிவையும் பார்க்க வேண்டும்.

புதிய காரின் குறை

இதுவரை படித்தால் புதியதற்கே முழு வெற்றி என்று தோன்றும். ஆனால் அதற்கும் ஒரு குறை உண்டு. அது வேகத்தை மறைத்துவிடுகிறது.

இகே9 ஐந்தாம் கியரில் 110இல் செல்லும்போது எஞ்சின் 3,600 சுழற்சிக்கு மேல் இரைந்துகொண்டிருக்கும். அதிர்வு கைக்கு வரும், சாலை ஓசை காதுக்கு வரும். நம் மூளை வேகத்தை மதிப்பிடக் கண்ணை மட்டும் நம்புவதில்லை, காதையும் நம்புகிறது. ஒலியைக் குறைத்தால் மனிதர்கள் தங்கள் வேகத்தைக் குறைத்து மதிப்பிடுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அமைதியும் பிடிமானமும் மிக்க புதிய காரில், 130இல் போகும்போதும் 90இல் போவது போன்ற உணர்வு வரலாம். ஆனால் 130இல் உள்ள இயக்க ஆற்றல் 90இல் உள்ளதைப் போல் இரு மடங்குக்கும் அதிகம். காரின் வசதி அந்த ஆற்றலில் ஒரு ஜூலைக்கூடக் குறைக்காது.

எதைத் தேர்ந்தெடுப்பது?

தினமும் ஓட்ட, குடும்பத்தாரை ஏற்றிச்செல்ல, மழையில் நெடுஞ்சாலையில் போக, புதிய காரே சரி. அதற்குக் காரணம் 319 குதிரைத்திறன் அல்ல. நிலைத்தன்மைக் கட்டுப்பாடு, பெரிய பிரேக், உறுதியான பயணிக் கூடு, காற்றுப்பைகள் ஆகியவையே காரணம். இவற்றைப் பெற ஏறக்குறைய 4 லட்சம் ரிங்கிட் தர வேண்டியதும் இல்லை. விலை குறைந்த பல புதிய கார்களிலும் இவை இருக்கின்றன.

இகே9 தன் காலத்துப் பொறியியலின் உச்சம். நன்றாகப் பராமரித்து, வார இறுதியில் நிதானமாக ஓட்டினால், ஓர் எஞ்சின் எப்படி மூச்சுவிடுகிறது என்பதை அதைப்போல் கற்றுத்தரும் கார்கள் குறைவு. ஆனால் உரிமம் எடுத்த கையோடு ஓட்டுவதற்கான கார் அது அல்ல. புதிய ஓட்டுநர் தவறு செய்வார். அந்தத் தவறைத் தாங்கிக்கொள்ளும் வசதி அதில் மிகக் குறைவு.

நீங்களே செய்து பாருங்கள்

1. வீட்டுக் காரின் டயர் ஓரத்தில் நான்கு இலக்க எண் ஒன்றைத் தேடுங்கள். முதல் இரண்டு இலக்கம் தயாரித்த வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். உங்கள் டயருக்கு வயது என்ன?

2. காரின் கையேட்டில் உச்ச முறுக்குவிசையும் அது கிடைக்கும் சுழற்சியும் இருக்கும். பெருக்கி 9,550ஆல் வகுங்கள். அந்தச் சுழற்சியில் உங்கள் கார் எத்தனை கிலோவாட் தருகிறது?

3. வேகம் 60இலிருந்து 120 ஆனால் இயக்க ஆற்றல் எத்தனை மடங்காகும்? விடையை, வீட்டில் கார் ஓட்டுபவரிடம் சொல்லுங்கள்.